வீகன் உணவுக்கு மாறினால் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. டைப் 2 சர்க்கரை நோய் வந்து எட்டு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும், கிளைமிபிரைடு 2 மில்லிகிராம் காலையில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எடை 84 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி 8.1. என் மகள் இரண்டு வருடமாக வீகன். பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்தினால் சர்க்கரை நோய் போய்விடும், மாத்திரையே தேவைப்படாது என்கிறாள். பாலையும் நிறுத்திவிட்டால் எலும்பு என்னாவது என்று என் மனைவி கவலைப்படுகிறார். அடுத்த மாதம் முதல் முழுசாக மாறிவிடலாம் என்று இருக்கிறேன். மாறலாமா? ஆறேழு மாதமாக இரண்டு பாதங்களும் மதமதவென்று இருக்கின்றன. சர்க்கரை இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில்: மாறலாம். உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். யோசித்துச் சாப்பிடுகிற வீகன் உணவு டைப் 2 சர்க்கரையைக் குறைக்க உதவும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. "மாத்திரையே தேவைப்படாது" என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் முன்னால், கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாத மதமதப்பை நான் விடப்போவதில்லை. இந்த உணவு மாற்றத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

வீகன் உணவு சர்க்கரையை எவ்வளவு குறைக்கும்? இதில் அதிகம் பேசப்படுவது அமெரிக்க மருத்துவர் நீல் பார்னார்டும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. டைப் 2 சர்க்கரை உள்ள 99 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த வீகன் உணவு. இவ்வளவுதான் சாப்பிட வேண்டும் என்று அளவு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு அமெரிக்க நீரிழிவு சங்கம் அப்போது பரிந்துரைத்த உணவு. அதில் எடை கூடியவர்களுக்குக் கலோரிக் கட்டுப்பாடும் உண்டு. 22 வாரங்களில் வீகன் குழுவில் 43 சதவீதம் பேருக்கு மருந்து குறைக்கப்பட்டது, மற்ற குழுவில் 26 சதவீதம் பேருக்கு. மருந்தில் கை வைக்காதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி) வீகன் குழுவில் 1.23 புள்ளி இறங்கியிருந்தது, மற்ற குழுவில் 0.38. எடையும் வீகன் குழுவில் சராசரியாக 6.5 கிலோ குறைந்தது. மற்றவர்களுக்கு 3.1 கிலோ.

இதைப் படித்துவிட்டுத்தான் பலர் உற்சாகமாகிவிடுகிறார்கள். அதே ஆட்களை 74 வாரம் வரை தொடர்ந்து பார்த்தார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அப்போது வீகன் குழுவில் ஏ1சி ஆரம்பத்தை விட 0.34 மட்டுமே குறைந்திருந்தது, மற்ற குழுவில் 0.14. மருந்து மாற்றங்களைக் கழித்துக் கணக்கிட்டால் வீகன் குழு கொஞ்சம் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். காலம் போகப் போக மனிதர்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புகிறார்கள், எடையும் திரும்பி ஏறுகிறது. எந்த உணவுமுறைக்கும் இதுதான் கதை. பார்னார்டு தாவர உணவை முன்னிறுத்தும் ஓர் அமைப்பின் தலைவர் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே அவருடைய ஆய்வுகளை நான் படிப்பேன். அதற்காக அவற்றை ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

வேறு இடங்களில் செய்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்கின்றன. கொரியாவில் 2016-இல் வெளியான ஆய்வில், தீட்டாத அரிசியை அடிப்படையாகக் கொண்ட வீகன் உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு ஏ1சி 0.5 இறங்கியது. வழக்கமான நீரிழிவு உணவைச் சாப்பிட்டவர்களுக்கு 0.2. அசைவம் தவிர்த்த உணவுகளைப் பற்றிய ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் கணக்கிட்டபோது சராசரியாக 0.39 புள்ளி கூடுதல் இறக்கம் தெரிந்தது. இது சின்ன விஷயம் இல்லை. சில மாத்திரைகள் தரும் பலனுக்குப் பக்கத்தில் வருகிறது.

இப்போது உங்கள் எண்ணை வைத்துப் பார்ப்போம். உங்கள் ஏ1சி 8.1. உங்கள் வயதில் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் வைக்கும் இலக்கு 7-க்குக் கீழே. உணவு மாற்றத்தால் அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ இறங்கினால்கூட நீங்கள் இலக்கை நெருங்குவீர்கள். அதுவும் இப்போதைய மாத்திரைகளை வைத்துக்கொண்டே. நன்றாக எடை குறைந்தால் கிளைமிபிரைடைக் குறைக்கவோ நிறுத்தவோ வாய்ப்பு உண்டு. இரண்டு மாத்திரையையும் விட்டுவிட்டு 7-க்குக் கீழே நிற்பது எட்டு வருட நோய்க்குப் பிறகு எல்லோருக்கும் நடப்பதில்லை. நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை எதிர்பார்த்து முதல் நாளே மாத்திரையை ஓரம்கட்டுவது தப்பு. சர்க்கரை மளமளவென்று ஏறும், சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் நரம்புக்கும் அது கெடுதல்.

இந்த உணவு ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே சறுக்கும் என்பதும் புரிந்துவிடும். டைப் 2 நோயில் கல்லீரலிலும் தசை செல்களுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சொல்வதை அந்த உறுப்புகள் சரியாகக் கேட்காமல் போகின்றன. சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ளத் திணறுகிறது. சர்க்கரை நோய் இல்லாத, எடை கூடிய 244 பேரை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 வாரம் கொழுப்பு குறைந்த வீகன் உணவு சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தசைக்குள் இருந்த கொழுப்பும் சுமார் 10 சதவீதம் குறைந்தது. எடை குறைவதும், இறைச்சியிலும் வெண்ணெயிலும் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு தட்டிலிருந்து விலகுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். நார்ச்சத்து இன்னொரு பக்கம் கைகொடுக்கிறது. மாவுச்சத்து குடலில் கரைந்து ரத்தத்தில் சேர்கிற வேகத்தை அது தணிக்கிறது, வயிற்றையும் சீக்கிரம் நிரப்புகிறது.

இதில் பெரிய பங்கு எடைக் குறைப்புக்குத்தான் என்பது என் கருத்து. பிரிட்டனில் நடந்து 2017 கடைசியில் வெளியான டைரக்ட் ஆய்வில் யாரும் வீகன் உணவு கொடுக்கவில்லை. நாளுக்கு 850 கலோரி அளவுக்குள் அடங்கும் சூப்பும் ஷேக்கும் சில மாதம் கொடுத்தார்கள், பிறகு மெதுவாகச் சாதாரண உணவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே ஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 86 சதவீதம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட காலமே ஆகியிருந்தது, இன்சுலின் போடுபவர்கள் யாரும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீகன் உணவு ஒரு நல்ல வழி, ஆனால் ஒரே வழி இல்லை. எடையே குறையாத வீகன் உணவிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 84 கிலோ அதிகம். முதல் கட்டமாக 4 முதல் 8 கிலோ குறைத்தாலே ரத்தத்தில் அது தெரியும்.

சரி, தட்டுக்கு வருவோம். வீகனாக மாறுகிறவர்கள் எதை நிறுத்த வேண்டும் என்ற பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார்கள். நிறுத்தியதற்குப் பதில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் தடுமாறுவார்கள். உங்கள் சர்க்கரையைத் தீர்மானிக்கப்போவது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். வெள்ளைச் சர்க்கரை வீகன். மைதா வீகன். குளிர்பானம், உருளைக்கிழங்கு சிப்ஸ், பால் சேர்க்காத பிஸ்கட், பழச்சாறு எல்லாமே வீகன். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க மருத்துவப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. முழுதானியம், பழம், காய்கறி, பருப்பு வகை, கொட்டைகள் என்று நல்ல தாவர உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பு 34 சதவீதம் குறைவாக இருந்தது. இனிப்பு, பழச்சாறு, தீட்டிய தானியம் என்று மோசமான தாவர உணவைச் சாப்பிட்டவர்களுக்கோ வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது.

முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் தட்டில் ஒரு காலி இடம் வரும். பசிக்கிற மனிதர் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் சோற்றாலோ இன்னும் இரண்டு ரொட்டியாலோ நிரப்புவார். இது தெரிந்து செய்வதில்லை, கை தானாகப் போகும். அங்கேதான் சர்க்கரை ஏறும். அந்த இடம் பருப்பு, பயறு, கடலை வகைகளுக்கும் சோயாவுக்கும் போக வேண்டும். வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, வெள்ளைச் சோறு ஒரு கப்பில் சுமார் 45 கிராம். எண்ணைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் பருப்பில் 15 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் 18 கிராம் புரதமும் இருக்கின்றன. சோற்றில் நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது, புரதம் 4 கிராம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும். இரண்டையும் தனித்தனி நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். நான் சொல்வதை விட அந்த எண் நன்றாகப் புரியவைக்கும்.

தட்டில் பாதி காய்கறியும் கீரையும், அதில் கிழங்கு வகை சேராது. கால் பங்கு பருப்பு வகையோ டோஃபு எனும் சோயா பனீரோ. மிச்சம் கால் பங்குதான் தானியம், அதுவும் முடிந்தவரை தீட்டாதது. காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுத் தானியத்தைக் கடைசியில் சாப்பிட்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறும் என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத பழக்கம், செய்து பாருங்கள். பருப்பு வகைகளை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், அதிலேயே பலர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். அரை கப்பில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழத்துக்குப் பயப்பட வேண்டாம், முழுப் பழமாகச் சாப்பிடுங்கள், சாறாகப் பிழிய வேண்டாம். கொட்டைகள் ஒரு கைப்பிடி போதும், கலோரி அதிகம். எண்ணெயில் கைக்கட்டுப்பாடு வேண்டும். தாவர எண்ணெய்தானே என்று நினைக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலிலும் ஏறக்குறைய பாதி. பாலுக்குப் பதில் வாங்குவதானால் சர்க்கரை சேர்க்காத, கால்சியம் சேர்த்த சோயா பால் நல்லது, ஒரு கப்பில் 7 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். அரிசிப் பாலும் ஓட்ஸ் பாலும் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியவை. பாதாமை அரைத்து எடுக்கும் பால், இனிப்பு சேர்க்காததாக இருந்தால், சர்க்கரையை ஏற்றாது, ஆனால் அதில் புரதமும் பெரிதாக இல்லை.

இனி உங்கள் பாதத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்து மதமதப்பு வரவைக்கும், உண்மைதான். ஆனால் வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு, இதே எரிச்சல், இதே ஊசி குத்தும் உணர்வு வரும். பார்த்துப் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கஷ்டம். நீங்கள் எடுக்கும் மெட்ஃபார்மின், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அளவு கூடக் கூட, வருடம் ஏற ஏற, குறைபாடு வரும் வாய்ப்பும் கூடுகிறது. நீங்கள் நாளுக்கு 2000 மில்லிகிராம் எடுக்கிறீர்கள், நோய்க்கு எட்டு வயது. இந்த மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. உங்களுக்கு யாரும் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை.

பி12 நமக்கு விலங்கு உணவுகளிலிருந்துதான் கிடைக்கிறது. தாவரங்களில் நம்பத்தக்க அளவுக்கு இல்லை. உறிஞ்சுவதை ஒரு மாத்திரை ஏற்கெனவே குறைத்துக்கொண்டிருக்கும்போது வரத்தையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆரோக்கியமானவருக்குக் கல்லீரலில் உள்ள பி12 சேமிப்பு சில வருடங்கள் தாங்கும். உங்கள் சேமிப்பு இப்போதே கரைந்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. வீகன் உணவில் கீரையும் பருப்பும் அதிகம், அதனால் ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைக்கும். அது நல்லதுதான், ஆனால் பி12 குறைவால் வரவேண்டிய ரத்தசோகையை அது மறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். நாளாகிவிட்டால் முழுதாகச் சரியாகாது. நடையில் தள்ளாட்டம், மறதி வரை போகலாம்.

அதனால் உணவை மாற்றும் முன் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் பி12 மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். முதலிலேயே போட்டுக்கொண்டால் முடிவு நல்லதாகக் காட்டும், பாதத்துக்குக் காரணம் எது என்று தெரியாமல் போய்விடும். அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை உதவும். குறைவு என்று தெரிந்தால், நரம்பில் அறிகுறி இருப்பதால் பெரும்பாலும் ஊசியில்தான் ஆரம்பிப்போம். குறைவே இல்லை என்று வந்தாலும் வீகன் ஆன நாளிலிருந்து பி12 மாத்திரை உங்களுக்கு ஆயுளுக்கும் வேண்டும். அளவை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். ஸ்பைருலினா, கடற்பாசி, புளிக்கவைத்த உணவு என்று எதையும் நம்ப வேண்டாம். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12. உங்கள் மகளிடமும் கேளுங்கள், இரண்டு வருடமாக அவர் பி12 எடுக்கிறாரா என்று. எடுக்கவில்லை என்றால் அவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தைத் திட்டமிடும் வயது என்றால் இன்னும் அவசியம்.

இதையொட்டி ஒரு விஷயம். இரும்புச்சத்துக் குறைவும் பி12 குறைவும் சிவப்பணுக்களின் ஆயுளோடு தொடர்புடையவை, ஏ1சியும் அந்தச் சிவப்பணுக்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. குறைபாடு இருக்கும்போது ஏ1சி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டலாம். சிகிச்சை ஆரம்பித்துப் புதுச் சிவப்பணுக்கள் நிறைய வரும்போது உண்மையை விடக் குறைவாகக் காட்டலாம். அதனால் முதல் சில மாதம் ஏ1சியை மட்டும் பார்த்து "இறங்கிவிட்டது" என்று மாத்திரையைக் குறைக்காதீர்கள். குளுக்கோமீட்டர் அளவுகளும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது கிளைமிபிரைடு. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளைமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று பார்க்காமல் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வரவைக்கும் மாத்திரை அது. இன்று வரை சாப்பிட்ட அளவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மருந்து. நாளைக்குத் தட்டில் தானியம் பாதியாகி, எடையும் இறங்க ஆரம்பித்தால் அதே 2 மில்லிகிராம் உங்களுக்கு அதிகமாகிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் இவையெல்லாம் சர்க்கரை தாழ்வதன் அடையாளம். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் பருப்பும் கொட்டையும் சாப்பிட்டுப் பயனில்லை, மெதுவாகத்தான் ஏறும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அதனால்தான் மாறும் தேதியை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன். முதல் நாளே கிளைமிபிரைடைப் பாதியாக்கலாமா, முதல் வாரத்து அளவுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று அவர் சொல்வார். முதல் மூன்று நான்கு வாரம் காலை வெறும் வயிற்றிலும் ஏதாவது ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் பார்த்து எழுதி வையுங்கள். குறைக்கிற வரிசையில் பெரும்பாலும் கிளைமிபிரைடுதான் முதலில் போகும், மெட்ஃபார்மின் கடைசி வரை இருக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீகன் என்ற பெயரில் நாள்கணக்கில் பட்டினி கிடக்காதீர்கள், மாவுச்சத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். அந்த மாத்திரைகளோடு அப்படிச் செய்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் அளவுமீறி ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

உங்கள் மனைவியின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். பிரிட்டனில் சுமார் 55,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த எபிக் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. இறைச்சி சாப்பிடுபவர்களை விட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகமாக இருந்தது. கால்சியமும் புரதமும் குறைவாகச் சாப்பிட்டதும், உடல் எடை குறைவாக இருந்ததும் அதற்கு ஓரளவு காரணம். பால் குடித்தே தீர வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் பாலிலிருந்து வந்துகொண்டிருந்ததை வேறு வழியில் கொண்டுவந்தே ஆக வேண்டும். கால்சியம் உப்பு சேர்த்துக் கட்டிய டோஃபு, கால்சியம் சேர்த்த சோயா பால், எள், முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரைகள் உதவும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அந்தக் கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது கொஞ்சம்தான். வைட்டமின் டி அளவையும் இந்த ரத்தப் பரிசோதனையோடு பார்த்துவிடுங்கள். அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள். 54 வயதுக்கு மேல் எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும். அதனால் எடை கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் அளவில் புரதம் கிடைக்கிறதா என்று பாருங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பயிற்சியும் கொடுங்கள்.

புரதம் பற்றிச் சொன்னது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் உங்களுக்கு எப்போது பார்த்தது? சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பருப்பு, கீரை, பழம், கொட்டைகளிலிருந்து வரும் பொட்டாசியம் ரத்தத்தில் தங்கிவிடும். ரத்தக் கொதிப்புக்குச் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் கூடும். அப்படி ஏதாவது இருந்தால் உணவு நிபுணரிடம் நேரில் போய்த் திட்டம் வாங்கிக்கொண்டுதான் மாற வேண்டும். ஒரு வருடத்துக்குள் விழித்திரை பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். நாள்பட்டு உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பாதித்த விழித்திரை சிலருக்குத் தற்காலிகமாக மோசமாவது உண்டு.

முழுசாக ஒரே நாளில் மாற வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். கிளைமிபிரைடு எடுக்கும் ஒருவருக்குப் படிப்படியாக மாறுவதையே நான் விரும்புவேன். முதல் இரண்டு வாரம் ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை, ஒன்றரை மாதத்தில் முழுநாளும். அப்படி மாறினால் மருந்தைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும், வயிறும் பழகும். நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டாலும் நஷ்டம் இல்லை. வாரத்தில் சில நாள் மீனோ முட்டையோ சாப்பிட்டுக்கொண்டு மற்றபடி காய்கறி, பருப்பு, முழுதானியம் என்று இருப்பவருக்கும் சர்க்கரை இறங்கும். விலங்குகளுக்காக வீகன் ஆவது என்றால் அது வேறு முடிவு, அதில் எனக்கு மரியாதை உண்டு. ரத்தச் சர்க்கரைக்காக மட்டும் என்றால், முதல் நாளிலிருந்தே நூறு சதவீதம் என்று உங்களை நீங்களே நெருக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஐந்து வருடம் கழித்தும் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கப்போகிற உணவு எதுவோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வாரத்திலேயே பி12, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், பொட்டாசியம், வைட்டமின் டி, சிறுநீர் ஆல்புமின் பாருங்கள். அப்போதே மருத்துவரைப் பாதத்தில் உணர்வுப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் உணர்வு குறைந்த பாதம் காயம் பட்டாலும் உங்களுக்குச் சொல்லாது, அதனால் தினமும் இரவு விரல் இடுக்கு வரை பார்த்துவிட்டுப் படுங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். உணவு முழுசாக மாறி மூன்று மாதம் கழித்து ஏ1சி பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் பழைய கணக்கும் கலந்திருக்கும். அந்த முடிவையும் குளுக்கோமீட்டர் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய், கிளைமிபிரைடை என்ன செய்யலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.